ஓட்டு ஊரிடம்... சாவி கலெக்டரிடம்!

கழிவுக் கல்லில் கால்வாய் கட்டியதற்காகப் பதவி இழந்தார் ஒரு ஊராட்சித் தலைவர். கடன் வாங்கிக் காற்றாலை நிறுவி ஊருக்கு வருமானம் தேடினார் இன்னொருவர். உள்ளாட்சி பற்றி இவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கோட்டையில் இன்னும் பதில் இல்லை.

கிரானைட் ஆலையில் கல்லை அறுத்து மெருகேற்றியது போக மிஞ்சும் துண்டுகளுக்கு விலை கிடையாது. கொட்ட இடம் கிடைத்தால் போதும் என்றுதான் ஆலைக்காரர்கள் நினைப்பார்கள். 1990-களின் பிற்பகுதியில் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் கழிவுநீர்க் கால்வாய் கட்ட வேண்டியிருந்தபோது, ஊராட்சித் தலைவர் இளங்கோவின் கண்ணில் பட்டவை அந்தத் துண்டுகள்தான். எஸ்டிமேட்டில் எழுதியிருந்த கல் வேறு. ஆனால் இவர் ரசாயனப் பொறியாளர்; கணக்குப் போட்டுப் பார்த்தார். பக்கத்திலேயே கிடக்கும் கல், ஊரிலேயே இருக்கும் ஆட்கள். வேலை முடிந்தது, செலவும் குறைந்தது.

கிடைத்த பரிசு, சஸ்பென்ஷன். அரசு வகுத்த அளவுகளை மீறிவிட்டார், நிதியை முறைகேடாகக் கையாண்டார் என்று குற்றச்சாட்டு. பணம் எங்கே போனது என்பதைவிட, எஸ்டிமேட்டில் இருக்கும் கல் கால்வாயில் ஏன் இல்லை என்பதே அதிகாரிகளுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது.

இளங்கோ கட்சிப் பிரமுகர் யார் வீட்டு வாசலுக்கும் போகவில்லை. கிராம சபையைக் கூட்டினார். வரவு செலவு முழுவதையும் ஊர் முன்னால் வைத்தார். ஊர் அவர் பக்கம் நின்றது. கடைசியில் அரசு இறங்கி வந்து பதவியைத் திருப்பிக் கொடுத்தது.

இந்தக் கதையைச் சொல்லும் பலர், நேர்மையான ஒரு மனிதரின் வெற்றியாக இதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வியை அந்தக் கைத்தட்டல் அமுக்கிவிடுகிறது.

205 என்ற எண்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் அதன் தாய். பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு, 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. குத்தம்பாக்கம் இளங்கோவும், பின்னால் நாம் பார்க்கப்போகும் ஓடந்துறை சண்முகமும் அந்தத் தேர்தலில் வந்தவர்கள்.

அந்தச் சட்டத்தின் 205-வது பிரிவு ஊராட்சித் தலைவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பிரிவு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில், தலைவர் மீது மாவட்ட ஆட்சியர் நோட்டீஸ் கொடுக்கலாம். விளக்கம் திருப்தி இல்லையென்றால் தாசில்தார் வந்து ஊராட்சி மன்றக் கூட்டம் நடத்துவார். வார்டு உறுப்பினர்கள் கருத்துச் சொல்வார்கள். அந்தக் கருத்தைப் பார்த்துவிட்டு, நீக்குவதா விடுவதா என்று முடிவெடுப்பவர் ஆட்சியர். மேல்முறையீடு என்றால் அரசிடம் போக வேண்டும். இந்தப் படிகளில் எங்கேயும் கிராம சபை வராது; ஓட்டுப் போட்ட மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

205 கடைசி ஆயுதம். அன்றாடம் கழுத்தைப் பிடிப்பது காசோலை. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பல ஊர்களில் அவர் தோற்றுப்போன கோஷ்டியின் ஆள். இருவருக்கும் ஆகவில்லையென்றால் தெருவிளக்கு பல்பு வாங்கக்கூடப் பணம் எடுக்க முடியாது. டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் நிற்கும். சண்டை முற்றினால் ஆட்சியர் 203-வது பிரிவைப் பயன்படுத்தி, கையெழுத்துப் போடும் அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.விடம் கொடுத்துவிடுவார். தலைவர் தலைவராகவே இருப்பார். பணத்தின் சாவி மட்டும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்விடும்.

நெல்லை விற்று அரிசி வாங்கும் ஊர்

இளங்கோ அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். எண்ணெய் நிறுவன வேலை, பிறகு காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் விஞ்ஞானி வேலை. இரண்டையும் விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். குத்தம்பாக்கம் என்றால் அன்றைக்குக் கள்ளச்சாராயமும் சாதிச் சண்டையும்தான் பேச்சு. அந்த ஊரின் தலித் குடும்பம் ஒன்றில் பிறந்த இளங்கோ, 1996 முதல் 2006 வரை இரண்டு முறை தலைவராக இருந்தார்.

பதவியில் இருந்தபோதும் அதற்குப் பிறகும் அவர் திரும்பத் திரும்பப் பேசிவருவது கிராமப் பொருளாதாரம் பற்றி. அவர் கணக்கு எளிமையானது. விவசாயி நெல்லை விற்றுவிட்டு அரிசி வாங்குகிறார். நிலக்கடலையை மூட்டையாக அனுப்பிவிட்டு எண்ணெயைப் பாக்கெட்டில் வாங்குகிறார். இடையில் நடக்கும் அரைப்பது, ஆட்டுவது, உடைப்பது எல்லாம் நகரத்தில். வேலையும் லாபமும் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஊருக்குள் வரும் பணம் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் வெளியேறிவிடுகிறது.

ஒரே ஊர் இதைச் சமாளிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் பதினைந்து இருபது ஊராட்சிகளைச் சேர்த்து ஒரு வலைப்பின்னலாகப் பார்க்கச் சொல்கிறார். ஒரு ஊரில் எண்ணெய் ஆட்டினால் அடுத்த ஊரில் பருப்பு உடைக்கலாம், இன்னொன்றில் சோப்பு தயாரிக்கலாம். வாங்குவதும் விற்பதும் முடிந்தவரை அந்த வட்டாரத்துக்குள்ளேயே நடக்கட்டும் என்பது அவர் வாதம். காந்தியவாதி ஜே.சி. குமரப்பாவை அறிந்தவர்களுக்கு இதன் வேர் எங்கே என்று தெரியும்.

இதில் கனவு கொஞ்சம் அதிகம் என்று சொல்வோர் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளும் பூந்தமல்லி ரியல் எஸ்டேட்டும் இரண்டு பக்கமும் நெருக்கும் ஊரில் பருப்பு உடைத்துப் பிழைக்க எத்தனை இளைஞர்கள் வருவார்கள் என்பது நியாயமான சந்தேகம். குத்தம்பாக்கத்தில் இன்று பெரிய பேச்சு, சென்னைக்கான புறநகர்ப் பேருந்து முனையம். ஆனாலும் அவர் எழுப்பும் கொள்கைக் கேள்வி அப்படியே நிற்கிறது. சாலை போடவும் கழிப்பறை கட்டவும் ஊராட்சியிடம் பணம் கொடுக்கிறோம். ஊர் எப்படிச் சம்பாதிப்பது என்று யோசிக்கும் வேலையை ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிறோமா?

ஒரு சுவர், இரண்டு வீடு

1997-ல் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் கொழுந்துவிட்டு எரிந்த நேரத்தில் கருணாநிதி அரசு சமத்துவபுரம் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு குடியிருப்பில் 100 வீடுகள்; அவற்றில் 40 தலித் குடும்பங்களுக்கு, மற்றவை பிற வகுப்பினருக்கு. முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் 1998-ல் திறக்கப்பட்டது.

திட்டம் குத்தம்பாக்கத்துக்கு வந்தபோது இளங்கோ அரசு கொடுத்த வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தனித்தனி வீடுகளாக இருந்தால் பக்கத்தில் இருந்துகொண்டே விலகி வாழலாம். எனவே இரட்டை வீடுகள் கேட்டார். நடுச்சுவர் ஒன்றுதான். அதன் ஒருபுறம் தலித் குடும்பம், மறுபுறம் தலித் அல்லாத குடும்பம். இப்படி 50 ஜோடி வீடுகள். கட்டுமானப் பொருளிலும் உள்ளூர் மண்ணையும் உள்ளூர் ஆட்களையும் முடிந்தவரை பயன்படுத்தினார்கள். ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் அடுத்த வீட்டுக்கு வாசனை போகும். இந்தப் பக்கம் குழந்தை அழுதால் அந்தப் பக்கம் கேட்கும்.

மாநில அரசின் கொள்கையை ஒரு ஊராட்சித் தலைவர் எதிர்க்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நிறைவேற்றவும் இல்லை. அதன் நோக்கத்தை அரசைவிட ஒரு படி மேலே கொண்டுபோனார். கோட்டையில் உட்கார்ந்து வரைந்தவருக்குத் தெரியாத ஒன்று ஊரில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தது. திட்டத்தை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்ததால் அரசுக்கும் பெயர்தான் கிடைத்தது.

ஓடந்துறையின் மின்கட்டணம்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில் பவானி ஆற்றோரம் இருக்கிறது ஓடந்துறை. அங்கே 1996-ல் தலைவரான சண்முகம் இளங்கோவுக்கு நேரெதிர். கல்லூரிப் படி ஏறாத விவசாயி, கொள்கை விளக்கம் எல்லாம் பேசுகிறவர் அல்ல. அவர் கவனித்தது மின்கட்டணத்தை. குடிநீர்க் குழாய்களும் தெருவிளக்குகளும் கூடக் கூட, ஊராட்சி வருமானத்தை மின்வாரியத்துக்குக் கட்டும் தொகை விழுங்க ஆரம்பித்தது.

முதலில் மரக்கழிவை எரித்து மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் எரிவாயுக் கலன் வந்தது. பிறகு சூரிய ஒளித் தெருவிளக்குகள். அதோடு நிற்காமல் 2006-ல் ஊராட்சியே சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஓடந்துறையில் அந்த அளவு காற்று இல்லை. எனவே உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுவினார்கள். விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சி சேமித்து வைத்திருந்த 40 லட்சத்தைப் போட்டார்கள். மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் மின்சாரம். ஊராட்சியின் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். கடனையும் அந்த வருமானத்திலிருந்தே அடைத்தார்கள்.

வெளிநாட்டிலிருந்தெல்லாம் குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. பார்த்தவர்கள் காற்றாலையைப் படம் எடுத்தார்கள். ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது அந்த 40 லட்சம் ரூபாய். ஊராட்சி அதைச் சேர்த்து வைத்திருந்தது, இதற்குத்தான் செலவிட வேண்டும் என்று யாரும் கட்டளை இடாத பணமாக அது இருந்தது. சண்முகத்தின் துணிச்சலுக்கு அடித்தளம் அதுதான்.

கையில் இருந்தும் எடுக்க முடியாத பணம்

இன்று ஒரு ஊராட்சிக்கு அந்த வசதி எவ்வளவு இருக்கிறது? மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதி ஆணையத்தின் வழியாக உள்ளாட்சிகளுக்கு வருகிறது. மத்திய நிதி ஆணைய மானியம் தனி. வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் என்று சொந்த வருவாய் கொஞ்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஊராட்சியின் வங்கிக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். முதலாம் எண் கணக்கு பொது நிதி. இரண்டாம் எண் கணக்கில் இருப்பது மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டுவதற்கான பணம். வேறு எதற்கும் தொட முடியாது. மூன்றாவது திட்ட நிதி. எந்தத் திட்டத்துக்கு வந்ததோ அதற்கு மட்டும். 15-வது நிதி ஆணையத்தின் மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. குடிநீர்ப் பிரச்சினை இல்லாத ஊரில் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் இடிந்து கிடந்தாலும், அந்தப் பணத்தில் சுவர் எழுப்ப முடியாது.

அரசியல் சட்டத்தின் 11-வது அட்டவணை, பள்ளிக்கல்வி முதல் பொது விநியோகம் வரை 29 துறைகளை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்கிறது. நடைமுறையில் ஊர்ப் பள்ளி ஆசிரியரோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ, ரேஷன் கடை ஊழியரோ, வி.ஏ.ஓ.வோ தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அல்ல. ரேஷனில் அரிசி சரியில்லை என்றால் ஜனங்கள் சண்டை பிடிப்பது மட்டும் பிரசிடெண்ட் வீட்டு வாசலில். அந்தப் பிரசிடெண்டுக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய்.

கேரளத்தை எடுத்துக்கொள்வோம். 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். எதற்குச் செலவிடுவது என்பதில் பெரும் சுதந்திரமும் கொடுத்தார்கள். உடனே அதைக் காப்பியடிக்கவும் முடியாது. கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் 941. தமிழ்நாட்டில் சுமார் 12,500. இங்கே பல ஊராட்சிகள் மிகச் சிறியவை. சொந்த வருவாயில் தெருவிளக்கு எரிக்கவே திணறுபவை. இளங்கோ சொல்லும் ஊராட்சிக் கூட்டமைப்பு இங்கேதான் அர்த்தம் பெறுகிறது. தனியே நிற்க முடியாதவை சேர்ந்து நிற்கலாம்.

தீர்மானம் போட்டால் போதுமா?

இளங்கோவைக் காப்பாற்றியது கிராம சபை. அதன் மதிப்பு இன்று என்ன? 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எண்ணிக்கை கூடியது நல்லதே. ஆனால் என்ன பேச வேண்டும் என்ற கூட்டப்பொருள் பட்டியல் மேலிருந்து வருகிறது. பல ஊர்களில் சாமியானா போட்டு, நூறு நாள் வேலைக்காரர்களை உட்காரவைத்து, செயலர் பட்டியலை வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுகிறார்கள்.

விழிப்பான ஊர்களிலும் நிலைமை சங்கடம்தான். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் தொடர்ந்து தீர்மானம் போட்டுவருகிறது. நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் போட்டார்கள். அந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட பலம் எவ்வளவு என்பது தெளிவாக இல்லை. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் 12 கிராம சபைகள் சொன்ன 'வேண்டாம்' பாக்சைட் சுரங்கத்தை நிறுத்தியது. அங்கே வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றமும் துணை இருந்தன. சமவெளிக் கிராமங்களுக்கு அந்தத் துணை இல்லை.

மறுபக்கமும் உண்டு

அதிகாரத்தை முழுவதும் தலைவர் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் ஏமாற்றுதான். மேலவளவை மறக்க முடியுமா? தனித்தொகுதியில் வென்று தலைவரான முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் தலைவரை ஏற்க மறுத்துப் பத்தாண்டுகள் தேர்தலையே நடத்தவிடவில்லை; 2006-ல்தான் வழி பிறந்தது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் நாடு முழுக்கப் பரவியது. பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்த பிறகும், பல அலுவலகங்களில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது கணவர்.

இத்தகைய இடங்களில் ஆட்சியரின் தலையீடுதான் பலவீனமானவர்களுக்குப் பாதுகாப்பு என்று வாதிடுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. தேசியக்கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்படும் தலைவருக்கு ஆட்சியர் வேண்டும், போலீஸ் வேண்டும். ஆனால் சாதி ஆணவத்தைத் தடுக்கும் அதிகாரமும், ஒரு தலைவர் எந்தக் கல்லில் கால்வாய் கட்டினார் என்று பார்த்துப் பதவியைப் பறிக்கும் அதிகாரமும் ஒன்றல்ல. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுக்கொடுக்க முடியும். ஊழல் புகாரை விசாரிக்கக் கேரளத்தில் உள்ளாட்சிகளுக்கென்றே ஆம்புட்ஸ்மேன் அமைப்பு இருக்கிறது. தலைவரைத் தேர்ந்தெடுத்தவரும் அல்லாத, தலைவரால் பாதிக்கப்படுபவரும் அல்லாத ஒரு நடுவர் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

தலைவரே இல்லாத ஊராட்சிகள்

இத்தனை பேச்சும் தலைவர் என்று ஒருவர் இருந்தால்தான். 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் 9,624 தலைவர் இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். முதல் தொகுதியினரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. புதிய தேர்தல் நடக்கவில்லை. சட்டத்தைத் திருத்தி மறுபடியும் தனி அலுவலர்களை நியமித்தார்கள். முதல் முறை அ.தி.மு.க. ஆட்சி, இரண்டாவது முறை தி.மு.க. ஆட்சி. மாநில சுயாட்சி கேட்டு டெல்லியோடு மல்லுக்கு நிற்கும் இரண்டு கட்சிகளும் கிராமத்தின் சுயாட்சி என்று வரும்போது ஒரே பாதையில்தான் நடக்கின்றன.

தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். 388 ஒன்றியங்கள், சுமார் 12,500 ஊராட்சிகள் என்றால் சராசரியாக ஒரு ஒன்றியத்துக்கு 32 ஊராட்சிகள். மோட்டார் எரிந்து மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல, ராத்திரி எட்டு மணிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? பி.டி.ஓ. நல்லவராகவே இருந்தாலும் அவர் வீடு அந்த ஊரில் இல்லை. அடுத்த தேர்தலில் அவர் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை.

இளங்கோ, சண்முகம் இருவரின் பத்தாண்டு அனுபவத்திலிருந்து அரசுக்குச் சில கோரிக்கைகளைத் தொகுக்கலாம். ஐந்தாண்டு முடியும் முன் தேர்தல் என்ற அரசியல் சட்டக் கட்டளையை மீற எந்த ஆட்சிக்கும் வழி வைக்கக் கூடாது. தலைவரை நீக்க வேண்டுமென்றால் தன்னாட்சி கொண்ட நடுவர் விசாரிக்கட்டும். அவர் தரும் அறிக்கையைக் கிராம சபை பார்க்கட்டும். மானியத்தில் கணிசமான பகுதி எந்தக் கட்டும் இல்லாமல் முதலாம் எண் கணக்குக்கு வரட்டும். எஸ்டிமேட்டைவிடக் குறைந்த செலவில் அதே தரத்தில் வேலையை முடித்தால் மிச்சப் பணம் ஊராட்சிக்கே சேரட்டும். இன்று மிச்சம் பிடிப்பவருக்குக் கிடைப்பது நோட்டீஸ்.

இவற்றில் எதற்கும் கூடுதல் பணம் வேண்டாம். சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா, நிதித்துறையில் சில அரசாணைகள். தனி அலுவலர்களை நியமிக்கச் சில நாட்களில் சட்டத்தைத் திருத்தத் தெரிந்த அரசுக்கு இதுவும் முடியும். உள்ளாட்சித் தேர்தல் வரும்போது ஓட்டுக் கேட்டு வரும் தலைவர் வேட்பாளரிடம் என்ன செய்வீர்கள் என்று நாம் கேட்போம். அவர் கையில் சாவியே இல்லாதபோது அந்தக் கேள்வி பாதிதான். மீதியைச் சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டும்: எங்கள் பிரசிடெண்டிடம் எதை ஒப்படைக்கப் போகிறீர்கள்?